விலை கேட்கும் முன் சக்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்

போன மாதம் ஒருவர் தன் பெஞ்ச் டிரில்லிங் மெஷினைக் காரின் பின்சீட்டில் கிடத்தி எடுத்து வந்தார். வங்கி வேலையில் ஓய்வு பெற்றவர். வீட்டு மாடியில் மரப்பொம்மை செய்கிறார். "தம்பி, 8 மிமீ பிட்தான் போட்டேன். 8 மிமீ தடியைச் சொருகினா லொடலொடன்னு ஆடுதுங்க. பிட் கோணலா இருக்குமோ?"

பிட்டில் ஒரு குறையும் இல்லை. பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதிதான் சக். அதில் நேரான கம்பியைப் பிடித்து, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை ஒட்டி வைத்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினேன். முள் 0.35 மிமீ ஓடியது. மையம் விலகிச் சுற்றும் இந்த அளவைப் பட்டறையில் நாங்கள் 'அவுட்' என்போம். 0.05க்குள் இருந்தால் அருமை, 0.1 வரை பொழுதுபோக்கு வேலைக்குப் பரவாயில்லை. அதைத் தாண்டினால் துளை பெருக்கும், 2 மிமீக்குக் குறைந்த பிட்டெல்லாம் பட்பட்டென்று முறியும்.

கோவை கணபதியில் இருபது வருடமாக மெஷின் பழுது பார்க்கிறேன். புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் என்ன கேட்கிறார்கள் என்பதும் தெரியும்: எத்தனை ஹெச்.பி., எத்தனை ஸ்பீடு, லேசர் உண்டா. துளையிடும் இடத்தைக் காட்டும் லேசரை விடுங்கள், மையப் பஞ்சால் (துளை மையத்தில் சிறு குழி பதிக்கும் கூர் உளி) ஒரு தட்டு தட்டினால் போதும். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். ஸ்டிக்கரில் 1 ஹெச்.பி. என்றும் மோட்டார் தகட்டில் 350 வாட் என்றும் இருந்தால் தகட்டை நம்புங்கள். 13 மிமீ சக்குள்ள சின்ன மெஷினுக்கு அரை ஹெச்.பி. தாராளம்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஸ்பிண்டிலை, அதாவது சக்கைச் சுழற்றும் தண்டை. டயல் கேஜ் இல்லையே என்று கவலை வேண்டாம். கைப்பிடியைச் சுற்றிச் சக்கை முழுவதும் கீழே இறக்கி, முன்னும் பின்னும் பிடித்து ஆட்டுங்கள். 'டக் டக்' என்று கைக்குத் தெரிந்தால் அந்த மெஷினை அங்கேயே விட்டுவிடுங்கள். அடுத்து, பத்து மிமீ சில்வர் ஸ்டீல் (துல்லியமாகத் தேய்த்த எஃகு) கம்பி ஒரு சாண் கொண்டுபோய்ச் சக்கில் மாட்டிக் கையால் சுற்றுங்கள். பக்கத்தில் ஒரு பென்சில் முனையை ஆடாமல் நிறுத்தினால், இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். டேபிள் மட்டத்தைப் பார்க்க இன்னும் சுலபம்: கெட்டியான கம்பியை 'ட' போல வளைத்துச் சக்கில் பூட்டி, முனை டேபிளை உரசும்படி மெதுவாகச் சுற்றுங்கள். நாலு பக்கமும் ஒரே மாதிரி உரச வேண்டும். இடவல மட்டத்தைப் பெரும்பாலும் டேபிள் போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம். முன்பக்கம் தொங்கினால் எளிதில் சரிவராது. கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அவுட் இருந்தால் அது சக்கிலா, ஸ்பிண்டிலிலா என்று பிரிக்க வேண்டும். இத்தகைய மெஷின்களில் பெரும்பாலும் சக், மரையில்லாமல் கூம்பு வடிவத் தண்டில் இறுகி நிற்கிறது. அந்தக் கூம்பில் ஒரு தூசி, கொஞ்சம் கிரீஸ் இருந்தாலே சக் கோணலாக உட்காரும், சிலசமயம் ஓடும்போதே கழன்று விழும். கழற்றி, தின்னர் தொட்டுத் துடைத்து, உலர்ந்தபின் மரச்சுத்தியலால் ஒரு தட்டு. பலருக்கு இத்தோடு தீர்ந்துவிடும். வங்கிக்காரருக்குத் தீரவில்லை, சக்கை மாற்றினோம், 0.06க்கு இறங்கியது. ஸ்பிண்டிலே வளைந்திருந்தால் நானே "வேண்டாங்க, செலவு பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுவேன்.

ஸ்பீடு எத்தனை என்பதைவிடக் குறைந்த ஸ்பீடு என்ன என்று கேளுங்கள். சாதா இரும்பில் ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட்டுக்கு வெட்டுவேகம், அதாவது பிட்டின் விளிம்பு ஓடும் வேகம், நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 3 மிமீ பிட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 2,650 சுற்று வேண்டும், 12 மிமீ பிட்டுக்கு 660 போதும். அலமாரிக் கீலுக்கு 35 மிமீ குழி எடுப்பவர்கள் இன்னும் மெதுவாக ஓட்டுவது நல்லது. 500 சுற்றுக்குக் கீழே இறங்காத மெஷினில் பெரிய ஹோல் சா (வட்டமாக வெட்டும் ரம்பம்) போட்டு இரும்பைத் துளைத்தால் பல் நீலம் பாய்ந்துவிடும்.

ஸ்விட்ச் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் தானாக ஓடத் தொடங்கும் ஸ்விட்ச் ஆகாது. மெஷின் நின்றுவிட்டதே என்று பிட்டைக் கழற்றப் போவோம், சக் சாவி மாட்டியிருக்கும்போது கரண்ட் வரும். பச்சை பட்டனை மீண்டும் அழுத்தினால்தான் ஓடும் வகையைக் கேளுங்கள். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனிடம் ஸ்டார்ட்டர் போடச் சொல்லுங்கள். எர்த் கட்டாயம்.

பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கை, துளைக்கும் பொருளை ஆடாமல் இறுக்கிப் பிடிக்கும் வைஸுக்கும் க்ளாம்புக்கும் எடுத்து வையுங்கள். பக்கத்துப் பட்டறைப் பையன் மெல்லிய தகட்டைக் கையால் பிடித்துத் துளைத்தான். பிட் மறுபக்கம் எட்டிப் பார்க்கும் நொடியில்தான் தகட்டைக் கவ்வும். காற்றாடி மாதிரி சுற்றியதில் உள்ளங்கையில் ஏழு தையல். கையுறை போட்டிருந்தால் தப்பியிருப்பானே என்று சிலர் கேட்டார்கள். கையுறையைப் பிட் சுருட்டிக்கொண்டால் விரலும் கூடவே போகும். வேட்டித் தலைப்பு, தோள் துண்டு, அவிழ்ந்த முழுக்கைச் சட்டைக்கும் இதே கதிதான். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் போடுங்கள். நீளமான பட்டையைத் துளைக்கும்போது நீண்ட பக்கம் இடப்புறம், மெஷின் தூணைத் தொட்டபடி இருக்கட்டும்; கவ்வினாலும் தூணில் முட்டி நின்றுவிடும்.

உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும் வார்ப்பிரும்பு மெஷின்களும் மோசமில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் பேரிங் மாற்ற வேண்டும், அது பெரிய செலவில்லை. டேபிளில் பழைய ஆள் போட்ட துளைகள் நிறைய இருக்கும், அதற்காக ஒதுக்காதீர்கள், விலை குறைக்கச் சொல்ல உதவும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, அடிப்பலகையைப் பெஞ்சில் போல்ட் போட்டு இறுக்குவது. மோட்டாரும் தலையும் மேலே இருப்பதால், சும்மா வைத்த மெஷின் கைப்பிடியை ஒரு இழு இழுத்தாலே முன்பக்கம் சாயும்.