மூன்று பைட் கூடினால் கணினி ஏன் விழுகிறது?

1996-இன் இறுதியில் ஒரு செய்தி வலையமைப்பு நிர்வாகிகளிடையே வேகமாகப் பரவியது. விண்டோஸ் 95 கணினியில் பிங் கட்டளையைத் தட்டி, தரவின் அளவு 65,510 பைட் என்று கொடுத்து, ஏதாவதொரு கணினியின் முகவரியைச் சேர்த்தால் போதும். மறுமுனையில் இருக்கும் கணினி அப்படியே உறைந்து நிற்கும், இல்லையென்றால் தானாக அணைந்து மறுபடி கிளம்பும். பாஸ்வேர்டு தேவையில்லை, கணக்கு தேவையில்லை, நிரல் எழுதவும் தெரிய வேண்டாம். யூனிக்ஸ் வகைகள், லினக்ஸ், விண்டோஸ், மேக் எல்லாம் இதில் மாட்டின. ரவுட்டர்களும் பிரிண்டர்களும்கூட விழுந்தன. கணினிப் பாதுகாப்பு எச்சரிக்கைகளை வெளியிடும் அமெரிக்காவின் செர்ட் அமைப்பு டிசம்பரில் எச்சரிக்கை வெளியிட்டபோது 'பிங் ஆஃப் டெத்' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

பிங் என்பது ஒரு சாதுவான கருவி. அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் வேலை பார்த்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதியது. 'இருக்கிறாயா?' என்று ஒரு பாக்கெட், அதாவது சிறு தரவுப் பொதி, போகும், 'இருக்கிறேன்' என்று ஒன்று திரும்பி வரும், அவ்வளவுதான். அது எப்படி ஒரு கணினியைச் சாய்க்கிறது? இதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். கணக்கு எளிது, ஆனால் முழு விஷயமும் அதற்குள்தான் இருக்கிறது.

இணையத்தின் அடிப்படை விதிகள் 1981-இல் வகுக்கப்பட்டன. அந்த விதிப்படி போகும் ஒவ்வொரு பாக்கெட்டின் (ஐபி பாக்கெட்) தலைப்பகுதியிலும் அதன் மொத்த நீளத்தைக் குறிக்க 16 பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். 16 பிட்டில் எழுதக்கூடிய பெரிய எண் 65,535. ஆகவே அதைவிடப் பெரிய பாக்கெட் இருக்கவே முடியாது என்பது ஏற்பாடு. ஆனால் ஈதர்நெட் கம்பியில் ஒரு தடவைக்கு 1,500 பைட்தான் போகும். அதனால் பெரிய பாக்கெட்டைத் துண்டு போட்டு அனுப்புவார்கள். ஒவ்வொரு துண்டிலும் 'நான் முழுப் பாக்கெட்டில் இந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்' என்று ஒரு எண் இருக்கும். பெறும் கணினி அந்த எண்களைப் பார்த்துத் துண்டுகளை ஒட்டிச் சேர்க்கும்.

இப்போது 65,510 பைட் தரவை எடுத்துக்கொள்வோம். பிங்கின் தலைப்பு 8 பைட், ஐபி தலைப்பு 20 பைட். கூட்டினால் 65,538. வரம்பைவிட மூன்றே பைட் அதிகம். துண்டு போடும்போது 1,480 பைட் வீதம் 44 துண்டுகள் போக, 45-ஆவது துண்டில் 398 பைட் மிஞ்சும். அந்தக் கடைசித் துண்டு 65,120-ஆம் இடத்திலிருந்து தொடங்குகிறேன் என்று சொல்லும். அந்த எண்ணில் தப்பில்லை. 398 என்ற நீளத்திலும் தப்பில்லை. இரண்டையும் தலைப்பின் 20 பைட்டோடு கூட்டினால்தான் எல்லை தாண்டுகிறது. அந்தக் கூட்டலைச் செய்து பார்க்க அன்றைய மென்பொருள்கள் பலவும் தவறிவிட்டன. 65,535-க்கு மேல் பாக்கெட் வராது என்று விதி சொல்கிறதே, அப்புறம் எதற்குச் சோதிப்பது என்ற நம்பிக்கைதான் காரணம். விதி சொல்வது வேறு, கம்பியில் வருவது வேறு.

சரி, மூன்று பைட் கூடினால்தான் என்ன? துண்டுகளை ஒட்டுவதற்கு நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்குவார்கள், அதுதான் பஃபர். நினைவகம் கோடு போடாத நீண்ட கணக்கு நோட்டு மாதிரி. இந்தப் பக்கம் என் கணக்கு, அடுத்த பக்கம் உன் கணக்கு என்று மனதில்தான் பிரிவு, தாளில் கிடையாது. இயங்குதளங்கள் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டவை. எழுதுவது எல்லைக்குள் இருக்கிறதா என்று சி தானாகப் பார்க்காது. 65,535 பைட் இடத்தில் 65,538 எழுதச் சொன்னால் எழுதிவிடும், மிச்சம் மூன்றும் பக்கத்தில் இருப்பதன் மேல் விழும். வேறு சில இயங்குதளங்களில் சிக்கல் இன்னொரு வழியில் வந்தது. மொத்த நீளத்தை 16 பிட் மாறியில் கூட்டி வைத்தார்கள். 65,538 அதில் கொள்ளாது, மறுபடி பூஜ்யத்திலிருந்து சுற்றி 2 ஆகிவிடும். இவ்வளவு பெரிய பாக்கெட்டை இரண்டே பைட் என்று நினைத்துக்கொண்டு நிரல் மேற்கொண்டு வேலை செய்தால் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

துண்டுகளை ஒட்டும் வேலை இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் நடக்கிறது என்பதுதான் இதைப் பெரிய ஆபத்தாக்கியது. சாதாரணச் செயலி ஒன்று தவறான இடத்தில் கை வைத்தால் கெர்னல் அதை நிறுத்திவிடும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். கெர்னலே தன் நினைவகத்தைக் கெடுத்துக்கொண்டால் அதை நிறுத்த மேலே யாரும் இல்லை. எந்தத் தகவலை நம்புவது என்று தெரியாத நிலையில் அது எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. அந்தக் கணினியை நம்பியிருந்த மின்னஞ்சல், வலைத்தளம், தரவுத்தளம் எல்லாமே அதோடு போகும். சேவை மறுப்பு என்று பாதுகாப்புத் துறையில் சொல்வது இதைத்தான். 'தரவு ஒன்றும் திருடு போகவில்லையே, கிராஷ்தானே' என்று இதை இரண்டாம் தரப் பிரச்சினையாகப் பேசும் பழக்கம் இன்றும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மருத்துவமனையின் கணினியோ ஆம்புலன்ஸ் அழைப்பு மையமோ நின்றுபோனால் யாரும் எதையும் திருடாமலேயே உயிர் போகலாம்.

அப்போது பலர் செய்த அவசர வைத்தியம், உள்ளே வரும் தரவை வடிகட்டும் ஃபயர்வாலில் பிங்கையே தடுத்துவிடுவது. அது முழுத் தீர்வு ஆகவில்லை. கோளாறு பிங்கில் இல்லை, துண்டுகளை ஒட்டுவதில் இருந்தது. வேறு எந்த வகை ஐபி பாக்கெட்டையும் அதே மாதிரி துண்டு போட்டு அனுப்பலாம். சரியான திருத்தம் ஓரிரு வரிதான்: ஒவ்வொரு துண்டும் வரும்போது தொடக்க இடத்தையும் நீளத்தையும் தலைப்பின் 20 பைட்டையும் கூட்டு, 65,535-ஐத் தாண்டினால் துண்டைத் தூக்கிப் போடு.

1998-இல் ஸ்டாக்கார்ட் என்ற பாதுகாப்பு முறை வந்தது. தாக்குபவர் குறிவைக்கும் முக்கியமான இடத்துக்கு முன்னால், கேனரி எனப்படும் ஒரு காவல் எண்ணை வைப்பார்கள். பஃபர் வழிந்தால் முதலில் அந்த எண் அழியும். எண் மாறியிருப்பதைக் கண்டதும் நிரல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்டாக்கார்ட் வழிதலைத் தடுப்பதில்லை. கணினியைக் கைப்பற்றக்கூடிய தாக்குதலை நிரலை நிறுத்தும் தாக்குதலாகக் குறைக்கிறது. நல்ல பேரம்தான், ஆனால் சேவை அப்போதும் நிற்கிறது.

2020 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் திருத்திய 'பேட் நெய்பர்' ஓட்டையில் இதை நேரடியாகப் பார்க்க முடிந்தது. ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6 வலையமைப்பில், தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்களின் முகவரிகளை அறிவிக்கும் ஒரு பகுதி உண்டு. அதன் நீளம் 8 பைட் அலகுகளில் எழுதப்படும். தலைப்புக்கு ஓர் அலகு, ஒவ்வொரு முகவரிக்கும் இரண்டு அலகு, ஆகவே அது எப்போதும் ஒற்றைப்படை எண்ணாகத்தான் இருக்க வேண்டும். யாராவது இரட்டைப்படை எண் கொடுத்தால்? விண்டோஸ் எட்டு பைட் பின்தங்கி, இந்தப் பகுதியின் வாலை அடுத்த பகுதியின் தலை என்று எடுத்துக்கொண்டது. அப்படிச் சோதனையைத் தாண்டி வந்த தரவு, நிரல் தற்காலிகமாகப் பயன்படுத்தும் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் வழிந்தது. காவல் எண் அதைப் பிடித்தது. கணினி நீலத் திரையோடு நின்றது. 24 வருடம் கழித்தும் அடிப்படைத் தவறு ஏறக்குறைய அதேதான்: வெளியிலிருந்து வந்த நீளத்தை விதிப்படிதான் இருக்கும் என்று நம்பியது.

2022 நவம்பரில் யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியின் பிங் நிரலிலேயே ஒரு வழிதல் கண்டுபிடிக்கப்பட்டது. திரும்பி வரும் பதிலின் தலைப்பில் கூடுதல் பகுதிகள் இருக்கலாம் என்பதை நிரல் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் 40 பைட் வரை வழிந்தது. இதுவும் கோளாறுதான். ஆனால் அந்த பிங் கெர்னலுக்கு வெளியே, சலுகைகள் குறைக்கப்பட்ட ஓர் அடைப்புக்குள் ஓடும் சாதாரணச் செயலி. விழுந்தால் அது மட்டும் விழும். கெர்னலுக்குள் எதையெல்லாம் வைக்காமல் இருக்கலாம் என்ற கேள்வியை ஒவ்வொரு இயங்குதளமும் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

லினக்ஸ் கெர்னல் 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து ரஸ்ட் மொழியையும் ஏற்கத் தொடங்கியிருக்கிறது. ரஸ்டில் எல்லை தாண்டி எழுத முயன்றால் பக்கத்து நினைவகம் கெடாது. நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கெர்னலுக்குள் அப்படி நின்றால் கணினியும் சேர்ந்து நிற்கலாம். கூட்டிப் பார்த்து, தப்பான துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த பாக்கெட்டைக் கவனிக்கும் அந்த ஓரிரு வரியை ரஸ்டிலும் மனிதர்தான் எழுத வேண்டும்.