ஜப்பானிய அலுவலகத்தில் ஒதுக்கி வைக்கிறார்களா?

ஜப்பானில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தருவது என் பணி. "யாரும் திட்டல மேடம், ஆனா யாருமே என்கிட்ட பேசறதில்ல" என்று அடிக்கடி கேட்கிறேன்.

அங்கே வயதை விட, திறமையை விட, யார் முன்னால் சேர்ந்தார் என்பது பெரிது. ஓராண்டு முன்னால் சேர்ந்தவர் என்றாலும் அவர் சென்பாய் (மூத்தவர்), நீங்கள் கோஹாய் (இளையவர்). கூட்ட அறையில் கதவுக்கு எட்டத்தில் இருக்கும் நாற்காலி பெரியவருக்கு, கதவோரம் இளையவருக்கு. பள்ளி விளையாட்டுக் குழுவிலேயே பழகிவிடுவதால் அவர்களுக்கு இது உறுத்துவதில்லை. நல்லதும் உண்டு. வேலை கற்றுத் தருவதும், தவறினால் தாங்கிப் பிடிப்பதும் சென்பாயின் கடமை.

குழுவுக்கு வெளியே தள்ளப்பட்டவர் பாடுதான் திண்டாட்டம். ஒரு பொறியாளர், கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் மூத்தவரின் கணக்கில் பிழை சொன்னார். அங்கே முடிவுகள் பெரும்பாலும் கூட்டத்துக்கு முன்பே தனித்தனியாகப் பேசி எடுக்கப்பட்டுவிடும், இதை நெமவாஷி என்பார்கள். அவருக்கு அது தெரியாது. அப்புறம் மதிய உணவுக்கு அழைப்பில்லை, மின்னஞ்சல்களில் பெயரில்லை. கடைசியில் பழைய கோப்புகளை அடுக்கும் வேலை. "என் ஜப்பானிய மொழிதான் சரியில்ல போல" என்று தன்னையே நொந்துகொண்டு தூக்கத்தைத் தொலைத்தார்.

இப்படி ஒதுக்குவதும், தகுதிக்குக் கீழான வேலை கொடுத்து மட்டம் தட்டுவதும் ஜப்பான் அரசு பட்டியலிட்ட ஆறு வகை 'பவாஹரா'வில் அடங்கும். கை ஓங்கியிருப்பவர் அந்தப் பலத்தால் செய்யும் துன்புறுத்தல் என்று பொருள். செய்பவர் மேலதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, கூடிக்கொண்ட சக ஊழியர்களும் இதில் வருவார்கள். 2019இல் சட்டம் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் பெரிய நிறுவனங்களும் 2022 ஏப்ரல் முதல் சிறியவையும் இதைத் தடுக்கக் கட்டுப்பட்டவை. புகார் கேட்க நிறுவனத்துக்குள் ஓர் ஏற்பாடு இருந்தாக வேண்டும், புகார் சொன்னவரைப் பழிவாங்கவும் கூடாது.

தேதி, நேரம், யார் என்ன சொன்னார், யார் உடனிருந்தார் என்று அன்றன்றே குறித்து வையுங்கள். நிறுவனம் அசையவில்லையா? ஒவ்வொரு மாகாணத் தொழிலாளர் அலுவலகத்திலும் இலவச ஆலோசனைப் பிரிவு உண்டு. தூக்கம் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நிறுவனமே ஒரு மருத்துவரை நியமித்திருக்கும்.

கோபத்தில் ராஜினாமா கடிதத்தை நீட்டிவிடாதீர்கள். வேலை விசாவில் இருப்பவர் வேலையை விட்டால் 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தக்க காரணமின்றி மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தால் விசாவே ரத்தாகலாம். அடுத்த வேலையைத் தேடத் தொடங்கிவிட்டு, பிறகு விலகுங்கள்.