எனுமரேஷன்: சாதனக் கணக்கெடுப்பு

ராஸ்பெர்ரி பை 5 என்ற சிறு கணினிப் பலகையில் என்விஎம்இ கார்டை (வேகமான சேமிப்பகம்) மாட்டியாயிற்று, விளக்கும் எரிகிறது. ஆனால் இணைந்துள்ள சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்துப் பார்த்தால் கார்டைக் காணோம். இதைத்தான் எம்பெடட் வேலை (சாதனங்களுக்குள் பதிந்த கணினிகளுக்கான வேலை) பார்ப்பவர்கள் "டிவைஸ் எனுமரேட் ஆகலை" என்பார்கள். கார்டு கெட்டுவிட்டது என்று பொருளல்ல. இயங்குதளம் எடுத்த கணக்கில் அது வரவில்லை.

இந்த எனுமரேஷனைத் தமிழில் எப்படிச் சொல்வது? அது லத்தீனில் வேர் உள்ள சொல். 'எ' என்றால் வெளியே, 'நுமெருஸ்' என்றால் எண். ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுவது. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வீட்டுக்கு வருபவரை ஆங்கிலத்தில் எனுமரேட்டர் என்பதும் இதனால்தான். கார்டுகளைக் கணினியோடு இணைக்கும் பொதுப் பாதையான பிசிஐ பஸ்ஸில், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் பார்ப்பதும் ஏறக்குறைய அவருடைய வேலையே.

பிசிஐக்கு முந்தைய ஐஎஸ்ஏ பஸ் காலத்தில் கார்டின் முகவரியையும் இன்டரப்ட்டையும் (செயலியை அழைக்கும் குறிப்பு) பெரும்பாலும் கார்டில் உள்ள சிறு இணைப்பான ஜம்பரை மாற்றிக் கையால்தான் அமைக்க வேண்டும். 1992-இல் வந்த பிசிஐ, சாதனமே தன் விவரத்தைச் சொல்லும்படி வைத்தது. ஒரு தொகுதியில் 256 பஸ் வரை இருக்கலாம், பஸ்ஸுக்கு 32 சாதனம். கெர்னல் ஒவ்வோர் இடத்திலும் முதல் 16 பிட்டைப் படிக்கும். அது தயாரிப்பாளர் எண். இன்டெல்லின் எண், பதினாறடிமான முறையில், 8086. தன் பழைய சிப்பின் பெயரையே பிடித்துக்கொண்ட குறும்பு. ஆளில்லாத இடத்தில் எல்லா பிட்டும் 1 ஆக, எஃப்எஃப்எஃப்எஃப் என்று வரும். இரு பஸ்களை இணைக்கும் பிரிட்ஜ் எதிர்ப்பட்டால் அதன் பின்னால் இருக்கும் பஸ்ஸுக்கு ஓர் எண் கொடுத்து உள்ளே இறங்கிப் பார்க்கும்.

அப்புறம் சாதனத்துக்கு முகவரி இடம் ஒதுக்க வேண்டும். சாதனத்தின் முகவரிப் பதிவகத்தில் எல்லா பிட்டையும் 1 என எழுதித் திரும்பப் படித்தால், சில பிட்டுகள் மாறாமல் 0 ஆகவே நிற்கும். குறிப்புக்கான கடைசி நான்கு பிட்டையும் 0 என்றே கொண்டால், கீழிருந்து 20 பிட் 0 என்றால் அந்தச் சாதனம் 1 எம்பி கேட்கிறது என்று அர்த்தம். அழகான தந்திரம்.

தேடுவது, எண் கொடுப்பது, இடம் ஒதுக்குவது எல்லாம் இதில் அடங்குவதால், பட்டியலிடல், எண்ணிடல், கண்டறிதல் என்ற தமிழ்ச் சொற்கள் மூன்றுமே போதாது. 'சாதனக் கணக்கெடுப்பு' என்பதே என் தேர்வு. "எனுமரேட் ஆகலை" என்பதையும் "கணக்கில் வரவில்லை" என்று இயல்பாகச் சொல்லிவிடலாம். பஸ்ஸுக்குப் பாடநூல்கள் 'பாட்டை' என்கின்றன. நல்ல சொல்தான், ஆனால் பணியிடத்தில் பஸ் பஸ்ஸாகவே ஓடுகிறது.

சரி, பை போர்டில் ஏன் கணக்கில் வரவில்லை? மேசைக் கணினியில் இந்த வேலையை, கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலான பயாஸ் முன்கூட்டியே செய்து வைத்திருக்கும். பை போன்ற, ஆர்ம் வகைச் செயலி கொண்ட போர்டுகள் பலவற்றில் அப்படி யாரும் இல்லை. பிசிஐயின் புதிய வடிவமான பிசிஐஇ-யின் கட்டுப்படுத்தி எந்த முகவரியில் இருக்கிறது என்பதையே டிவைஸ் ட்ரீ, அதாவது சாதன மரம், கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். பை 5-இல் வெளி இணைப்பைத் திறக்க கான்ஃபிக் கோப்பில் 'பிசிஐஇஎக்ஸ்1' (pciex1) என்ற அளவுரு சேர்ப்பது இதற்காகவே. பை மீது பொருத்தும் துணைப் போர்டுகளுக்கான ஹேட் பிளஸ் தரத்தில் உள்ளவற்றுக்கு அதுவும் தேவையில்லை. கெர்னல் பதிவில் 'லிங்க் டவுன்' (இணைப்பு இல்லை) என்று கண்டால் கணக்கெடுப்பு தொடங்கவே இல்லை. ரிப்பன் கேபிளையும் மின்சாரத்தையும் முதலில் பாருங்கள். லிங்க் சரியாக இருந்து, சாதனம் மட்டும் தாமதமாக விழித்துக்கொள்கிறது என்றால், சிஸ் அடைவில் உள்ள ரீஸ்கேன் கோப்பில் 1 எழுதி மறு கணக்கெடுப்பு நடத்தலாம். உள் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ சிப் உள்ள கார்டுகளில் இது அடிக்கடி நடக்கும்.

சென்சார் போன்ற சிறு சிப்புகளை இணைக்கும் ஐ2சி பஸ்ஸுக்கு இந்தச் சொல் பொருந்தாது. அங்கே உள்ள சென்சாருக்குத் தான் யார் என்று சொல்ல, எல்லாச் சாதனங்களும் பின்பற்றும் பொது வழி கிடையாது. எந்த முகவரியில் எது இருக்கிறது என்று சாதன மரத்தில் நாமேதான் எழுதி வைக்க வேண்டும். அதைக் கணக்கெடுப்பு என்பதைவிட 'சாதன அறிவிப்பு' என்பதே சரி.