விதைநெல்லும் உப்புக் கரைசலும்: முட்டை சொல்லும் அடர்த்தி

கிருஷ்ணகிரி அணைப் பாசனப் பகுதியில் நாற்றங்கால் விடும் பருவம் வந்ததும், ஒரு வாளி, ஒரு முட்டை, கொஞ்சம் கல் உப்பு ஆகியவற்றுடன் ஊர் ஊராகச் சென்று விதைநெல்லைத் தரம் பிரித்துக் காட்டுவது, வேளாண் விரிவாக்கப் பணியில் இருக்கும் எனக்கு வழக்கம். எளிய முறைதான் என்பதால் பலர் தாங்களாகவே செய்துகொள்கிறார்கள். ஆனால் உப்பு தண்ணீரை என்ன செய்கிறது என்பது விளங்காதபோது, அரைகுறையாகப் பால் பிடித்த மணிகளும் நல்ல விதையோடு சேர்ந்து நாற்றங்காலுக்குப் போய்விடுகின்றன.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஏறக்குறைய 1 கிலோ. அதில் 150 கிராம் உப்பைக் கரைத்தால் எடை 1,150 கிராம் ஆகிவிடுகிறது. கொள்ளளவோ சுமார் 1,050 மில்லி லிட்டர் வரைதான் உயர்கிறது. உப்பு தண்ணீரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தியானது என்பதோடு, கரையும்போது சோடியம், குளோரைடு அயனிகளாகப் பிரிந்து, சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளைத் தம்மருகே நெருக்கி இழுத்துக்கொள்வதும் இதற்குக் காரணம். இவ்வாறு எடை கூடிய அளவுக்கு இடம் கூடாததால், கரைசலின் அடர்த்தி 1.09 வரை ஏறுகிறது. வெறும் தண்ணீரில் பதர் மட்டுமே மிதக்கும். இந்தக் கரைசலிலோ பாதி நிரம்பிய மணியும் மேலே வந்துவிட, முற்றித் திரண்ட மணி மட்டுமே அடியில் தங்கும்.

முட்டை இங்கே அளவுகோலாக அமைகிறது. புதிதாக இட்ட முட்டையின் அடர்த்தியும் 1.08, 1.09 என்ற அளவில்தான் இருக்கும். 10 லிட்டர் தண்ணீரில் உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே வந்தால், ஒன்றரைக் கிலோவை நெருங்கும்போது முட்டை எழும்பி, இருபத்தைந்து பைசா அளவுக்கு வெளியே தெரியும். (அந்தக் காசு 2011-இல் செல்லாததாகிவிட்டதால், ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றுச் சிறிய வட்டம் என்று இப்போது சொல்கிறேன்.) எடை போட்டுக் கொட்டினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில், மழைக்காலத்துக் கல் உப்பு ஈரத்தையும் சேர்த்தே எடை காட்டும் என்பதுதான். முட்டை பழையதாக இருக்கவும் கூடாது. நாள்பட நாள்பட உள்ளே காற்றறை பெரிதாகி, அது நல்ல தண்ணீரிலேயே மிதக்கத் தொடங்கிவிடும்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு வீட்டில், வாளியின் நடுவே அந்தரத்தில் நின்ற முட்டையைக் காட்டி, "உப்பு போதும் சார், பாதி தூக்கிடுச்சு" என்றார் பெரியவர் ஒருவர். அடியில் உப்புக் கற்கள் அப்படியே கிடந்தன. கீழ்த்தண்ணீர் அடர்ந்தும் மேல்தண்ணீர் லேசாகவும் இரண்டு அடுக்குகளாக நின்றதால், முட்டை அவற்றின் எல்லையில் தங்கியிருந்தது. கரைந்திருந்த உப்பு வாளி முழுவதும் பரவும்படி குச்சியால் சற்றுக் கிளறியதுமே, அது மெல்ல அடிக்குப் போய்விட்டது. அடுக்கடுக்காக நிற்கும் கரைசலில் நெல்லைக் கொட்டினால் எது விதை, எது பதர் என்று பிரிக்கவே முடியாது. ஆகவே கல் முழுவதும் கரையும்வரை கலக்கிய பிறகே முட்டையை நம்ப வேண்டும்.

"எங்க போர் தண்ணியே உப்புதானே, உப்பைக் குறைச்சுப் போடலாமா?" என்ற கேள்வி தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் தவறாமல் வருகிறது. வாய் கரிக்கும் தண்ணீரில்கூட, லிட்டருக்கு 2 கிராம் உப்புகள் கரைந்திருந்தால், அடர்த்தி ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு அளவில்தான் கூடும். நமக்குத் தேவையானதோ 150 கிராம். நாக்கு உணரும் உப்பை முட்டை உணர்வதில்லை. இதே காரணத்தால், "கனமில்லாத தண்ணீர், குடிக்கலாம்" என்று முடிவு செய்வது எனக்குப் பெரும் கவலை அளிக்கிறது. இம்மாவட்டங்களில் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலே கெடுதல். அந்த அளவு சுவையிலும் தெரியாது, அடர்த்தியிலும் தெரியாது. அதை ஆய்வகச் சோதனை ஒன்றே காட்டும்.

பிரித்தெடுத்த விதையை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். ஒட்டியிருக்கும் உப்பு, முளைக்க வேண்டிய விதை நீரை உறிஞ்சவிடாமல் தடுக்கும். நோயைத் தடுக்க சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கொண்டு விதைநேர்த்தி செய்வதாக இருந்தால் அது அலசிய பிறகே. அடுத்த கூடை நெல்லுக்கும் அதே கரைசலைப் பயன்படுத்தலாம், ஆனால் முந்தைய கூடை கரைசலில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு போயிருக்கும். குறைந்ததற்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால் உப்பும் சேர்த்து, முட்டையை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டே நெல்லைக் கொட்டுங்கள்.