முதல் வேலைக்கு 15,000 ரூபாய்: பணம் எங்கே நிற்கிறது?

முதலீடு பெருகும் என்று சொல்லி 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். மற்ற வரிச்சலுகைகளை விட்டுவிட்டால் போதும். எத்தனை பேருக்கு வேலை கொடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கும் சேர்க்கும் முதலாளிக்கும் மத்திய அரசு ஊக்கத்தொகை தரும் பிரதம மந்திரி விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனாவில் அப்படியில்லை, தலையை எண்ணித்தான் பணம். 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கு இது பொருந்தும். ஆனால் கெடுபிடி பெரும்பாலும் தொழிலாளி தலையில்தான் விழுகிறது.

முதன்முறையாக பி.எஃப்.-இல் சேர்பவருக்கு ஒரு மாத பி.எஃப். சம்பளம் (பி.எஃப். பிடிக்கக் கணக்கில் எடுக்கும் பேசிக்கும் டி.ஏ.வும்), அதிகபட்சம் 15,000 ரூபாய். மொத்தச் சம்பளம் மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடாது. ஆறு மாதம் வேலையில் நீடித்தால் முதல் தவணை. பன்னிரண்டு மாதம் முடித்து, நிதிக் கல்விப் பயிற்சியும் முடித்தால் இரண்டாவது. இதில் ஒரு பகுதி குறிப்பிட்ட காலத்துக்குச் சேமிப்பில்தான் இருக்கும்.

'முதன்முறை' என்பதில்தான் பலர் விழுகிறார்கள். எப்போதோ ஒரு மாதம் வேலை பார்த்த இடத்தில் காண்ட்ராக்டர் உங்கள் பெயரில் பி.எஃப். கட்டியிருந்தால் தகுதி போச்சு. உங்களுக்கே தெரியாமல் கட்டியிருந்தாலும் அதே கதிதான். வேலையில் சேருமுன் பி.எஃப். இணையதளத்தில் ஆதாரைக் கொடுத்து, பழைய யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தர எண்) இருக்கிறதா என்று பாருங்கள். வேலையில் சேரும்போது பி.எஃப்.-க்காகத் தரும் உறுதிமொழியான படிவம் 11-ஐ வெற்றுத்தாளாகக் கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். முன்பு உறுப்பினரா இல்லையா என்பதை நீங்களே எழுதுங்கள். புது யு.ஏ.என்.-ஐ அரசின் உமங் செயலியில் முகம் காட்டி இலவசமாக எடுக்கலாம். ஏஜென்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

அடுத்தது தொகை. கைக்கு 18,000 வந்தாலும், பேசிக்கும் டி.ஏ.வும் 9,000 என்று காட்டியிருந்தால் இரண்டு தவணையும் சேர்த்து 9,000தான். சம்பளச் சீட்டை முதல் மாதமே பாருங்கள்.

வங்கியில்தான் அலைக்கழிப்பு அதிகம். பணம் ஆதார் வழியாக வருவதால், நீங்கள் கடைசியாக ஆதார் சீடிங் செய்த (அரசுப் பணம் வர ஆதாரோடு இணைத்த) கணக்குக்குத்தான் போகும், பி.எஃப்.-இல் கொடுத்த கணக்கு எண்ணை அது பார்க்காது. "ஆதார் லிங்க் ஆகியிருக்கே" என்று கவுண்டரில் சொன்னால் திரும்பிவிடாதீர்கள். அது கே.ஒய்.சி.க்காக, அதாவது உங்கள் அடையாளத்தைச் சரிபார்க்க மட்டும் இணைத்ததாக இருக்கலாம். அரசு மானியம் வருவதற்கான சீடிங் படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டும் வாங்குங்கள்.

முதலாளிக்குத் தனிப் பணம் உண்டு: கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 3,000 ரூபாய் வரை, இரண்டு ஆண்டு, உற்பத்தித் தொழில் என்றால் நான்கு ஆண்டு. 50 பேருக்குக் குறைவான இடத்தில் குறைந்தது இரண்டு பேர், 50-ம் அதற்கு மேலும் இருந்தால் ஐந்து பேர் கூடியிருக்க வேண்டும். அவர்கள் ஆறு மாதம் நிலைக்கவும் வேண்டும். போனவர் இடத்தை நிரப்பினால் கூடுதல் ஆகாது. உங்கள் 15,000 வேறு; அதில் பங்கு கேட்க முதலாளிக்கு எந்த உரிமையும் இல்லை.

அவர் மாதாமாதம் பி.எஃப். கட்டினால்தான் உங்கள் ஆறு மாதம் கணக்கில் ஏறும். அடுத்த மாதம் 15-ஆம் தேதி கெடு. அது கடந்ததும் பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். பிடித்த பணம் ஏறவில்லை என்றால் ஆறு மாதம் காத்திருக்காமல், சம்பளச் சீட்டோடு அந்த மாதமே இ.பி.எஃப்.ஐ.ஜி.எம்.எஸ். என்ற பி.எஃப். குறைதீர்ப்புத் தளத்தில் புகார் போட்டு, பதிவு எண்ணை எடுத்து வையுங்கள்.