தேய்க்கத் தேய்க்கக் கறுக்கும்

"எவ்வளவு தேய்ச்சுக் குளிச்சாலும் இந்த அழுக்கு போகவே மாட்டேங்குது, டாக்டர்." முதுகையோ கழுத்தையோ காட்டி இப்படிச் சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எதை வைத்துத் தேய்க்கிறீர்கள் என்பதுதான். பெரும்பாலும் நைலான் நார். சிலர் பீர்க்கங்காய் நார்.

கறை இருக்கும் இடங்களே காரணத்தைச் சொல்லிவிடும். காறை எலும்பு, தோள்பட்டை, முதுகுத்தண்டின் மேடு, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் என எல்லாம் தோலுக்கு நேர் அடியில் எலும்பு இருக்கும் இடங்கள். நார் அங்கேதான் அழுத்தி உரசும். உரசலில் மேல்தோல் சிதைந்து, அதிலுள்ள மெலனின் நிறமி அடித்தோலுக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. அங்கே எந்த நாரும் எட்டாது. கறை தெரிவதால் இன்னும் அழுத்தித் தேய்க்கிறோம். அது இன்னும் கறுக்கிறது. வருடக்கணக்கில் தொடர்ந்தால் சிலருக்கு அமிலாய்டு என்ற புரதம் படிந்து, மணலில் காற்று வரைந்த கோடுகள் போல அலையலையாகத் தெரியும், அரிக்கும். நாரைத் தூக்கிப் போடுவதுதான் முதல் வைத்தியம். நிறம் திரும்பப் பல மாதங்கள் ஆகும்.

நலங்கு மாவும் கடலை மாவும் கெடுதல் இல்லை. கொரகொரப்பாக அரைத்ததைப் பூசி, காய்ந்து இறுகிய பிறகு வறட்டு வறட்டென்று தேய்த்து உதிர்ப்பதுதான் கெடுதல். மெல்லிய துணியில் சலித்து, தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, ஈரமாக இருக்கும்போதே கழுவிவிடுங்கள். எலுமிச்சையை முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போகவே கூடாது. சாறு பட்ட இடம் வெயிலில் வெந்து, கோடு கோடாகக் கறுத்துவிடும்.

சோப்பு விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. உறையில் டிஎஃப்எம் (மொத்தக் கொழுப்புப்பொருள்) 76 சதவீதம் என்றிருந்தால் அது முதல் தரக் குளியல் சோப்பு. அதில் கொழுப்புப்பொருள் அதிகம் என்பதுதான் அதன் பொருள். காரம் இல்லை என்பதல்ல. சாதாரண சோப்புக்கட்டியின் பிஎச், அதாவது கார அமில அளவு, 9 முதல் 10 வரை. தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய அமிலத்தன்மை கொண்டது. அதனால் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் சோப்பு போதும். மற்ற இடங்களுக்கு வெறும் கையும் தண்ணீரும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் முடித்து, பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். தோல் வறண்டவர்கள் ஈரம் காய்வதற்குள், சுமார் மூன்று நிமிடத்தில், கைகால்களுக்குத் தேங்காய் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி தடவலாம். பருவுள்ள முகத்துக்கும் வேர்க்குருவுக்கும் எண்ணெய் ஆகாது. பொடுகுள்ள தலையில் எண்ணெயை ஊற வைப்பது, பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்குச் சாப்பாடு போடுவது மாதிரி.

இனி கழுத்து. பின்கழுத்திலும் அக்குளிலும் கறுத்து, தடித்து, தொட்டால் வெல்வெட் துணி போல இருந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஊசி போடும் முன் துடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து அழுத்தமில்லாமல் துடையுங்கள். பஞ்சு பழுப்பாகி, தோல் வெளுத்தால் அது தேங்கிப்போன அழுக்குதான். மாறவில்லை என்றால் பெரும்பாலும் இன்சுலின் சங்கதி. உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது கணையம் அதிகமாகச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் தோல் செல்களையும் பெருகத் தூண்டுகிறது. கழுத்தில் காண்பது அதைத்தான். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80-ஐத் தாண்டியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியும் பாருங்கள். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். மாதவிடாய் தள்ளிப்போகும் பெண்கள் சினைப்பை நீர்க்கட்டியையும் பார்க்க வேண்டும்.

இந்தக் கறுப்புக்கு மருந்து சமையலறையில்தான் தொடங்குகிறது. நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் டீயில் மட்டுமே 35 கிராம் போல உள்ளே போகிறது. தோல் பளபளக்கும் என்று வடிகட்டிக் குடிக்கும் பழச்சாறும் இதே கணக்கில்தான் சேரும். பழத்தைக் கடித்துத் தின்னுங்கள். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குக் கழுத்து தெளியத் தொடங்குகிறது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வெளுப்புக் களிம்புகளில் பல ஸ்டீராய்டு கலந்தவை. சில வாரம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்தநாளம் தெரிந்து, முகத்தில் முடி வளரும். எடை கூடாதவருக்கு, அதுவும் நடுவயதுக்கு மேல், கழுத்துக் கறுப்பு திடீரெனப் பரவினாலோ உள்ளங்கையும் வாயும் தடித்தாலோ களிம்பு தேடி நேரம் போக்காதீர்கள். உள்ளுறுப்பில் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும்.

மாற்றம் மெதுவாக வருவதால் தினமும் கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. மாதம் ஒருமுறை அதே சன்னலோரம், அதே நேரத்து வெளிச்சத்தில் கழுத்தைப் படம் எடுத்து வையுங்கள்.