வேரைக் கீறினால் சிவப்பு

மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசனம் பெரும்பாலும் ஒருபோகம்தான். கால்வாயில் தண்ணீர் வரச் செப்டம்பர் ஆகிவிடும். அதுவரை நிலம் சும்மா கிடப்பானேன் என்று, ஆடியில் ஒரு மழை விழுந்ததும் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச்செடியை விதைக்கிறார்கள். ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். நெல் நடுவதற்கு முன் செடியை அப்படியே மண்ணுக்குள் மடக்கி உழுதுவிட்டால், நெல்லுக்கு வேண்டிய தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், ஒரு பங்கு வயலிலேயே தயாராகிவிடும்.

வளர்ந்த செடி ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். கடுகும் மிளகுமாக முடிச்சுகள் ஒட்டியிருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு.

அந்த முடிச்சுக்குள் ரைசோபியம் பாக்டீரியா குடியிருக்கிறது. செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும், அது காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கித் தரும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் நேராக எடுக்க முடியாது. இரண்டிரண்டு அணுக்களாக அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்து கிடக்கிறது. உரத் தொழிற்சாலையில் அதைப் பிரிக்க 400 டிகிரி வெப்பமும் பெரும் அழுத்தமும் தேவை. பாக்டீரியாவோ வயல் சூட்டிலேயே நைட்ரோஜினேஸ் என்ற நொதியை வைத்து முடித்துவிடுகிறது.

ஆனால் ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுப்போகும். பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜனும் வேண்டும். இந்த இழுபறியைச் சமாளிப்பது முடிச்சுக்குள் இருக்கும் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம். ஆக்சிஜனைப் பிடித்து வைத்து, அளந்து அளந்து கொடுக்கும். நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்குப் பங்காளி முறை, சிவப்பும் அதனால்தான். முடிச்சு உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அங்கே வேலை ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, எப்போது மடக்கி உழுவது? சுமார் 45 நாளில், பூ எடுக்கும் சமயத்தில். இளசாக மடக்கினால் ஒரு வாரம், பத்து நாளில் அழுகிவிடும். முற்றவிட்டால் தண்டு நாராகி, கரிமம் கூடி, நைட்ரஜன் விகிதம் குறைந்துவிடும். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் பற்றாமல் மண்ணில் இருப்பதையும் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நட்ட நாற்று மஞ்சளித்து நிற்கும். இயற்கை உரம் சரிப்படவில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் பலர் இந்த நாள் கணக்கில்தான் கோட்டை விட்டிருப்பார்கள்.

ஒருபோக நிலத்தில் அது முழுக்க விவசாயி கையிலும் இல்லை. பெரியாற்றுத் தண்ணீர் வந்து சேரும் வைகை அணையில் நீர் குறைந்தால் மதகு திறப்பது தள்ளிப்போகும், செடி காத்திருக்காது. அப்படி முற்றிவிட்டால் ரோட்டவேட்டர் விட்டுப் பொடியாக நறுக்கி உழுதுவிட்டு, மட்குவதற்குக் கூடுதல் நாள் கொடுத்து அப்புறம் நடலாம்.